ஊதாத் தகைவிலான் குஞ்சுகளைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வாழும் ஊதாத் தகைவிலான் என்னும் பர்ப்பிள் மார்ட்டின், இன்று ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் அமைத்துத் தரும் கூடுகளில்தான் முட்டையிடுகிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்நிலத்தின் பூர்வகுடிகள் சுரைக்குடுக்கைகளைக் குடைந்து கம்பங்களில் தொங்கவிட்டு இப்பறவைகளுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததால், மரப்பொந்துகளை நாடும் இயல்பை இப்பறவைகள் அப்பகுதியில் அநேகமாகக் கைவிட்டுவிட்டன. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, நாம் நட்ட கம்பத்தை நம்பி வந்து சேரும் பறவை இது. ஆகவே அதன் குஞ்சுகளை ஆந்தையோ வல்லூறோ காகமோ எளிதில் கொண்டுபோகும்படி ஒரு கூட்டை அமைத்துவைப்பது, கூடே வைக்காமல் இருப்பதைவிடப் பெரிய தீங்கு என்பது என் உறுதியான கருத்து.

பலரும் செய்யும் முதல் தவறு, கம்பத்தில் ஒரு தடுப்புத் தகடு மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது. கூம்பு வடிவத் தகடும் குழாய்த் தடுப்பும் ரக்கூன் என்னும் மரமேறும் விலங்கையும் பாம்பையும் தடுப்பதற்காக ஏற்பட்டவை, அவை கட்டாயம் வேண்டும். ஆனால் சிறகுள்ள எதிரி கம்பத்தில் ஏறி வருவதில்லை. அதைத் தடுப்பதில் முதலாவது, ஓட்டைக்கும் குஞ்சுக்கும் இடையே உள்ள தூரம்.

அந்தத் தூரத்தில்தான் பழைய கூட்டுப்பெட்டிகள் கைவிடுகின்றன. நீண்ட காலமாக விற்பனையாகிவந்த பெட்டிகளில் ஒவ்வோர் அறையும் ஆறு அங்குல நீளமும் ஆறு அங்குல அகலமும் கொண்டது. நான்கைந்து குஞ்சுகள் வளர்ந்துவரும்போது, பின்சுவரில் முதுகை ஒட்டி ஒடுங்கி நின்றாலும், வாசல் திண்ணையில் உட்கார்ந்த ஆந்தையின் நீட்டிய காலுக்கு அவை எட்டும் தொலைவில்தான் இருக்கும். காகம் தலையை உள்ளே நுழைத்து அலகால் கவ்வி இழுப்பதற்கும் அந்த ஆழம் தடையாக இருப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு அறைகளின் நடுச்சுவரை எடுத்து, ஓட்டைகளில் ஒன்றை அடைத்துவிட்டால், பன்னிரண்டு அங்குல ஆழமுள்ள அறை கிடைக்கிறது. தாய்ப்பறவை வாசலிலிருந்து தள்ளிய பின்பகுதியில் கூடு கட்டும். குஞ்சுகளும் அங்கேயே வளரும். அறைகளின் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறதே என்று தயங்க வேண்டாம்: பன்னிரண்டு ஆபத்தான அறைகளைவிட ஆறு பத்திரமான அறைகள் மேல். சுரைக்குடுக்கை தொங்கவிடுபவர்கள் சிறியவற்றைத் தவிர்த்து, வயிறு அகன்ற பெரிய குடுக்கைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆழமான அறை இருந்தாலும் இரவில் வரும் ஆந்தைக்குத் தனித் தடுப்பு வேண்டும். பெருங்கொம்பு ஆந்தை பெட்டியின்மேல் மோதியோ சிறகடித்தோ உள்ளே உறங்கும் பறவைகளை மிரட்டும். இருட்டில் பதறி வெளியே வரும் பெற்றோர்ப் பறவையையும் பிடித்துவிடும். விடிந்தபின் கம்பத்தடியில் துண்டாகக் கிடக்கும் இறக்கைகளும், ஓட்டையிலிருந்து பாதி வெளியே இழுபட்டுத் தொங்கும் உலர்ந்த இலைகளும் சுள்ளிகளுமாகிய கூட்டுப்பொருளும்தான் ஆந்தை வந்துபோனதற்கு அடையாளம். அதைப் பார்த்தபின் “ஏதோ ஒரு நாள் நடந்துவிட்டது” என்று விட்டுவிடுவதுதான் மிகவும் வருத்தத்துக்குரிய தவறு, ஏனெனில் இரை கிடைத்த இடத்துக்கு ஆந்தை மறுபடியும் வரும், அறை அறையாக வெறுமையாகும், எஞ்சிய பறவைகள் அந்த இடத்தையே விட்டுப் போய்விடவும் கூடும். எனவே அன்று மாலைக்குள், கூட்டின் நாற்புறமும் ஓட்டைகளிலிருந்து ஆந்தையின் கால் எட்டாத தொலைவில் கம்பிக் கூண்டு பொருத்தப்பட வேண்டும். தகைவிலான் தடையின்றி உள்ளே போய் வரக்கூடியதாகவும் ஆந்தை நுழைய முடியாததாகவும் கம்பியின் இடைவெளி அமைய வேண்டும். பொருத்திவிட்டு உடனே வீட்டுக்குள் போய்விடாமல் குறைந்தது ஒரு மணி நேரமாவது நின்று கவனியுங்கள். பெற்றோர்கள் இரையுடன் சுற்றிச் சுற்றிப் பறந்தும் உள்ளே நுழையவில்லை என்றால் கம்பியைத் திருத்தியாக வேண்டும். தளர்வான நைலான் வலையைச் சுற்றிவிடுவது மட்டும் கூடவே கூடாது, பாதுகாக்க நினைத்த பறவையே அதில் சிக்கிக்கொள்ளும்.

கம்பம் நிற்கும் இடமும் முக்கியம். நிழல் நல்லது என்று எண்ணி மரத்தை ஒட்டி நடுபவர்கள், கூப்பர் வல்லூறுக்கு மறைந்திருந்து பாய ஒரு கிளையைத் தாங்களே ஏற்படுத்திக் கொடுக்கிறார்கள். எல்லாத் திசையிலும் உயரமான மரங்களிலிருந்து குறைந்தது நாற்பது அடியாவது தள்ளித் திறந்த வெளியில் கம்பம் நின்றால்தான், தகைவிலான்கள் எதிரியைத் தொலைவிலேயே கண்டு எச்சரிக்கைக் குரல் எழுப்ப முடியும்.

பலருடைய கவனத்துக்கு வராத ஒன்று, பெட்டியின் வெப்பமும் கூட்டிலுள்ள உண்ணிகளும் குஞ்சுகளை எதிரியின் வாயில் தள்ளுகின்றன என்பது. காற்றோட்டமில்லாத, அடர்நிறம் பூசிய பெட்டி கோடை வெயிலில் கொதிக்கும்போது, குஞ்சுகள் மூச்சுவாங்கியபடி வாசலுக்கு வந்து தலையை வெளியே நீட்டுகின்றன. இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள் பெருகினாலும் அதே கதைதான். அப்போது நாம் எவ்வளவு ஆழமான அறை அமைத்திருந்தாலும் பயனில்லை. வெள்ளை நிறம், காற்றுத் துளைகள், தேவைப்பட்டால் குஞ்சுகளை ஒரு வாளியில் பத்திரமாக வைத்துவிட்டுக் கூட்டை மாற்றி உலர்ந்த பொருளை நிரப்புவது ஆகிய மூன்றும் வல்லூறிடமிருந்து காக்கும் ஏற்பாடுகளே.

சிட்டுக்குருவியையும் ஐரோப்பிய ஸ்டார்லிங்கையும் வேட்டைப்பறவைகளாக யாரும் கருதுவதில்லை, ஆயினும் அவை முட்டைகளைக் குத்தி உடைக்கும், குஞ்சுகளைக் கொன்று கூட்டைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் அரிதாகி வருகிறதே என்று நாம் கவலைப்படும் அதே சிட்டுக்குருவி, 1850களில் நியூயார்க்கில் கொண்டுவந்து விடப்பட்ட அயல் பறவை. மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், 1890இல் அதே நகரின் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்டது. வட்ட ஓட்டைக்குப் பதிலாக ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரமுள்ள பிறைவடிவ ஓட்டையைத் திண்ணையின் மட்டத்தை ஒட்டியே அமைத்தால் ஸ்டார்லிங்கைப் பெரும்பாலும் தடுக்கலாம். சிட்டுக்குருவி அதிலும் நுழையும் என்பதால், அது கூடு கட்டத் தொடங்கும் முதல் வாரத்திலேயே கவனித்து அகற்ற வேண்டும்.

கோபத்தில் செய்யும் தவறும் உண்டு. வல்லூறு, ஆந்தை, காகம் ஆகிய உள்நாட்டுப் பறவைகள் அனைத்தும் அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வருபவை; நம் குஞ்சைத் தின்றது என்பதற்காக அவற்றைச் சுடுவதும் பொறிவைத்துப் பிடிப்பதும் குற்றம். பிளாஸ்டிக் ஆந்தைப் பொம்மையை நிறுத்துவதோ சில நாட்களிலேயே பயனற்றுப்போகும், தகைவிலான்களையும் கலவரப்படுத்தும்.

கடைசி வாரம் மிகவும் நுட்பமான காலம். குஞ்சுகள் 26 முதல் 32 நாட்களில் கூடு விட்டுப் பறக்கின்றன. 22ஆம் நாளுக்குப் பிறகு அறையைத் திறந்து பார்த்தால், சரியாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே பயந்து வெளியே குதித்துவிடும். அதற்கு முந்தைய நாட்களில் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை பார்த்து, ஒவ்வோர் அறையின் குஞ்சுகளுக்கும் வயதைக் குறித்துவைத்தால் இந்தத் தவறு நேராது. அந்தக் குறிப்பு வேறொரு வகையிலும் உதவும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்ற தவறான நம்பிக்கையால், கீழே விழுந்த குஞ்சைத் தொடாமல் விட்டுவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெற்றோர்கள் நிச்சயமாக ஏற்றுக்கொள்ளும். எந்த அறையிலிருந்து விழுந்தது என்று தெரியாவிட்டால், குறிப்பைப் பார்த்து ஏறக்குறைய அதே வயதுக் குஞ்சுகள் உள்ள அறையில், இருட்டுவதற்குள் சேர்த்துவிடுங்கள்.