உள்ளே திட்டும் குரலை மாற்ற ஒரு வழி

முக்கியமான மெயிலை அனுப்பிய பிறகுதான் ஃபைலை இணைக்க மறந்தது தெரிகிறது. உடனே உள்ளுக்குள் ஒரு குரல்: "சே, உனக்கு எதுவுமே உருப்படியா வராதா?" இதே தவறைத் தோழி செய்திருந்தால் அவளிடம் இப்படிப் பேசுவோமா?

அந்தக் குரலை அடக்கப் பார்க்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அது சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். 'எதுவுமே', 'எப்போதும்' போன்ற சொற்களை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: "இன்று ஃபைலை இணைக்க மறந்துவிட்டேன்." பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லியே பேசுங்கள்: "சரி மாலதி, அவசரத்தில் விட்டுப்போச்சு. இன்னொரு மெயில் அனுப்பிடு." 'நான்' என்பதைவிடப் பெயர் சொல்லிப் பேசுவது பதற்றத்திலிருந்து சற்று விலகி நிற்க உதவுகிறது என்று உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பொய்யாகப் புகழ வேண்டாம், மனம் நம்பாது. உண்மையையே இதமாகச் சொல்லுங்கள். முதல் சில நாள் செயற்கையாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாளுக்கு ஒரு வாக்கியம் மாற்றினாலே போதும்.

அந்தக் குரல் வாரக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.