ஃபர்ம்வேர் அப்டேட் ஆனபின் பெடல் லேப்டாப்பில் தெரியவில்லையா? பதற்றத்தில் செய்யக்கூடாதவை

ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது கிதார் எஃபெக்ட் பெடலுக்குள் ஓடும் சாஃப்ட்வேரின் அப்டேட், முடிந்தது என்று பெடலின் திரை சொல்லிவிட்டது. கிதாரைச் செருகி ஆம்ப்பில் வாசித்தால் பேட்ச் (சேமித்து வைத்த எஃபெக்ட் அமைப்பு) எல்லாம் வழக்கம்போல் கேட்கிறது. லேப்டாப்பில் செருகினால் மட்டும் பேச்சு மூச்சு இல்லை. "பெடல் போச்சு" என்று முடிவுகட்டி, கையில் கிடைத்த வழியையெல்லாம் ஒரே நேரத்தில் முயன்று பார்ப்பதுதான் அடுத்து நடப்பது. உண்மையான சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆம்ப்பில் சத்தம் வருகிறது என்றால் ஃபர்ம்வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பியில் செருகும் எந்தக் கருவியும் தன் கம்பெனி எண், மாடல் எண், பதிப்பு எண் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரும். அவற்றைப் பார்த்துத்தான் விண்டோஸ் அந்தக் கருவியோடு பேச உதவும் சாஃப்ட்வேரான டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. புது ஃபர்ம்வேர் அந்த விவரங்களில் ஒன்றை மாற்றியிருக்கலாம், கூடுதலாக ஒரு ஆடியோ சானலைச் சேர்த்திருக்கலாம். ஆதாரில் இனிஷியல் மாறிவிட்டால் பேங்க்கில் என்ன பாடு படுகிறோமோ, அதே கதைதான். ஆள் அதே ஆள், ரெக்கார்டில் இருக்கும் பெயர் வேறு.

உடனே மறுபடி ஃபர்ம்வேர் ஏற்றுவது

செய்யவே கூடாத முதல் காரியம் இது. வேலை செய்துகொண்டிருக்கும் ஃபர்ம்வேரை அழித்து மறுபடி எழுதுவதால் லேப்டாப்பின் ஞாபகம் மாறப்போவதில்லை. நடுவில் கரண்ட் போனால் நல்ல பெடலும் பாதியில் நின்றுவிடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, 9 வோல்ட் அடாப்டருக்கு எது? பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் முன்னறிவிப்போடு கரண்டை நிறுத்தும் நாளாக இருந்தால் அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள். மற்ற நாட்களிலும் அடாப்டரை வீட்டு யுபிஎஸ் லைனில் இருக்கும் பிளக்கில் செருகிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் நேரம் அதிகம், அந்த இடைவெளியிலேயே பெடல் அணைந்து எழும்.

மறுபடி ஏற்ற வேண்டிய நிலை ஒன்றே ஒன்று உண்டு. பெடல் ஆன் ஆனதும் வழக்கமான பேட்ச் பெயர் வராமல் அப்டேட் திரையிலேயே நிற்கிறது, ஆம்ப்பிலும் சத்தம் இல்லை. அப்போது அது பூட்லோடர் நிலையில், அதாவது ஃபர்ம்வேருக்காகக் காத்திருக்கும் நிலையில், இருக்கிறது. விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் வேறு பெயரில் தெரியலாம், ஆடியோ கருவியாகத் தெரியாது. அதே அப்டேட்டர் சாஃப்ட்வேரை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஏற்றும் ஃபைல் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பெயரில் ஓர் எக்ஸ் கூடுதலாக இருந்தாலே அது வேறு மாடல்.

கேபிளில் அலட்சியம்

"இதே கேபிளில்தானே அப்டேட் செய்தேன், அப்புறம் கேபிளில் என்ன குறை" என்ற கேள்வி நியாயமானது. பதில் பாதிதான் சாதகம். பெடல் எந்தப் பட்டியலிலும் தெரியவில்லை என்றால், அப்டேட்டை முடித்த கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்தும் சத்தம் வெட்டி வெட்டி வருகிறது என்றால் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஃபர்ம்வேர் போகும்போது ஒரு துண்டு பிசகினால் மறுபடி அனுப்பப்படும். ஆடியோ போகும் முறையில் அந்த மறுமுயற்சி கிடையாது. பிசகிய துண்டு போனது போனதுதான், அது காதில் 'டிக்' என்று விழும். சுமாரான கேபிள் அப்டேட்டில் தேறிவிட்டு வாசிப்பில் தோற்பது இதனால்தான்.

அப்டேட் ஒரு இடத்தில், வாசிப்பு வேறு இடத்தில் வேறு கேபிளோடு என்றால் கதை வேறு. போன் சார்ஜருக்கென்றே வரும் சில கேபிள்களில் சிவப்பு, கறுப்பு என்ற இரண்டு மின்சார வயர்தான் இருக்கும். டேட்டாவுக்கான பச்சை, வெள்ளை இருக்காது. வெளியே பார்த்தால் தெரியாது. டைப்-சி, மைக்ரோ கேபிள் என்றால் ஒரு போனைச் செருகிப் பாருங்கள்; லேப்டாப்பில் போனின் ஃபைல்கள் திறந்தால் டேட்டா வயர் இருக்கிறது. பெடலில் சதுர வாய் இருந்தால் அதற்குரியது 'பிரிண்டர் கேபிள்'. பெங்களூரு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அந்தப் பெயரில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். ஒன்றரை மீட்டர் போதும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லையே 5 மீட்டர். மேடையில் லேப்டாப் தள்ளி இருக்கிறதே என்று எக்ஸ்டென்ஷன் கேபிளை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போகாதீர்கள்.

ஹப் வேண்டாம், லேப்டாப்பின் சொந்த வாயில் நேரடியாகச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க வாய்.

அடாப்டரில் ஒரு விஷயம். பல பெடல்கள் யுஎஸ்பியிலிருந்து டேட்டாவை மட்டும் எடுக்கும். மின்சாரம் தனியாக 9 வோல்ட் அடாப்டரில் வர வேண்டும். பொதுவாக நடு முனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டர்கள் பல இதற்கு நேர்மாறாக நடு முனை பாசிட்டிவ், வோல்ட்டும் 12. முனை பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் அதற்குப் பிறகு இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. மில்லிஆம்பியரும் முக்கியம். சின்ன பெடலுக்கு 500 போதும், லைன் 6 கம்பெனியின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற மல்டி எஃபெக்ட் பெடல்களோடு வரும் அடாப்டர் 3 ஆம்பியர்.

விண்டோஸின் பழைய ஞாபகத்தை அழிக்காமல் புது டிரைவர் போடுவது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய டிரைவர் இருக்கும்போதே மேலே புதியதை ஏற்றுகிறார்கள், அதுவும் பெடல் செருகியிருக்கும்போதே. இன்ஸ்டாலர் "முடிந்தது" என்று சொல்லும், ஒன்றும் மாறியிருக்காது.

சரியான வரிசை இது. பெடலின் யுஎஸ்பியைக் கழற்றுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மேலே வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது சவுண்ட், வீடியோ, கேம் கன்ட்ரோலர்கள் என்ற பகுதியில் பெடலின் பெயர் மங்கலான ஐகானோடு தெரியும். ஒவ்வொரு யுஎஸ்பி வாயிலும் ஒரு தடவை செருகியிருந்தால் இரண்டு மூன்று மங்கல் பெயர்கூட இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக், அன்இன்ஸ்டால். டிரைவரையும் நீக்கு என்ற கட்டம் வந்தால் டிக் செய்யுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்டேதான். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது விண்டோஸ் 8 முதல் அதே வேலை இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி சிஸ்டத்தின் உள்பகுதியைத் தூங்கவைத்து அப்படியே எழுப்புகிறது, டிரைவரும் பழைய நிலையிலேயே எழுகிறது. "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்று சொல்பவர்கள் பலர் ஒரு தடவைகூட முழுதாக ஆஃப் செய்திருக்க மாட்டார்கள்.

ரீஸ்டார்ட் ஆன பிறகு, புது ஃபர்ம்வேருக்கான டிரைவரைக் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். "இப்போது கருவியைச் செருகு" என்று இன்ஸ்டாலர் கேட்கும்வரை செருக வேண்டாம். அப்படிக் கேட்காத இன்ஸ்டாலர் என்றால் முடிந்த பிறகு செருகுங்கள்.

மஞ்சள் முக்கோணம் வந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவியைத் துவக்க முடியவில்லை. புது ஃபர்ம்வேரும் பழைய டிரைவரும் ஒத்துப்போகாதபோது இது வரும். 43 என்றால் பெரும்பாலும் கருவி தன் விவரத்தையே ஒழுங்காகச் சொல்லவில்லை; யுஎஸ்பி, அடாப்டர் இரண்டையும் கழற்றி அரை நிமிடம் விட்டு, வேறு வாயில் செருகிப் பாருங்கள். இந்த எண்ணைப் பார்க்காமல் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவது, ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை மாற்றுவது மாதிரி.

சில பழைய டிரைவர்களை விண்டோஸ் 11-இன் 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பு தடுத்துவிடும். டிரைவர் ஏறாததற்கு அது காரணமாக இருந்தால், அதை அணைப்பதைவிடப் புது டிரைவர் தேடுவதே மேல். ஆர்ம் சிப் லேப்டாப்புக்கு ஆர்முக்கென எழுதிய டிரைவர்தான் வேண்டும். வழக்கமான டிரைவர் அங்கே ஏறாது.

டிரைவரே தேவையில்லாத பெடல்களும் உண்டு. யுஎஸ்பி ஆடியோ 2 வகைக் கருவிகளுக்கான டிரைவரை 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல் மைக்ரோசாஃப்ட்டே தருகிறது. அதை வைத்து யூடியூப் கேட்கலாம், காலில் பேசலாம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கேட்கும் ஆசியோ (ASIO) வகை டிரைவர் கம்பெனியிடமிருந்து வந்தால்தான் வாசிப்பதற்கும் காதில் கேட்பதற்கும் இடையிலான தாமதம் குறையும்.

பெடலுக்குள் மாறிப்போன செட்டிங்கைப் பார்க்காமல் விடுவது

அப்டேட் பல பெடல்களில் சிஸ்டம் செட்டிங்கை ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோய்விடும். லேப்டாப்பில் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு, காரணம் பெடலின் மெனுவில் ஒரே வரியாக உட்கார்ந்திருக்கும்.

டிரைவர் மோட் அதில் முதல் சந்தேக நபர். பாஸ் (BOSS) கம்பெனியின் கருவிகள் சிலவற்றில் ஜெனரிக் (விண்டோஸின் பொது டிரைவருக்கு), வெண்டர் (கம்பெனி டிரைவருக்கு) என்று இரண்டு நிலை உண்டு. வெண்டர் டிரைவரைப் போட்டுவிட்டு பெடல் ஜெனரிக்கில் இருந்தால் அந்த டிரைவர் அதைக் கண்டுகொள்ளாது. மோடை மாற்றியபின் பெடலை அணைத்து ஆன் செய்தால்தான் மாற்றம் அமலுக்கு வரும். மெனுவில் மாற்றிவிட்டு அப்படியே காத்திருப்பது வீண்.

அடுத்தது யுஎஸ்பி லெவலும் ரூட்டிங்கும் (எந்தச் சத்தம் எந்த சானலில் போகிறது என்பது). லேப்டாப்பில் பெடல் தெரிகிறது, மீட்டர் ஆடவில்லை என்றால் யுஎஸ்பி அவுட் லெவலைப் பாருங்கள். கிதார் சத்தம் இரட்டையாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் டைரக்ட் மானிட்டர் (பெடல் தன் சத்தத்தை லேப்டாப் வழியாகப் போகாமல் நேராகக் கேட்கவைப்பது) ஆனாகி, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் மானிட்டரும் ஆனில் இருக்கிறது. இரண்டில் ஒன்றை அணையுங்கள். பல சானல் உள்ள பெடலில் எஃபெக்ட் சேர்ந்த சத்தம் ஒரு ஜோடியிலும் வெறும் கிதார் இன்னொரு ஜோடியிலும் வரும். அப்டேட்டுக்குப் பின் ட்ராக்கின் இன்புட்டை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம்.

சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு நொடியில் சத்தம் எத்தனை தடவை அளக்கப்படுகிறது என்ற எண்ணை, மறக்க வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒன்றை மாற்றமே செய்யாமல் 48-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றே முக்கால் கட்டைக்குப் போய், எந்த வாத்தியத்தோடும் சேராமல் நிற்கும். பெடல், விண்டோஸ், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸில் பெடல் இன்புட்டாகத் தெரிந்தும் முழு மௌனம் என்றால் பிரைவசி செட்டிங்கில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். கிதாரும் விண்டோஸுக்கு ஒரு மைக்தான்.

ஒரே வாசலில் இரண்டு பேர்

ஆடியோ வருகிறது, பேட்ச் மாற்றும் எடிட்டர் மட்டும் "கருவி இல்லை" என்கிறது. எடிட்டர் பேசுவது பல பெடல்களில் மிடி (இசைக்கருவிக்கும் சாஃப்ட்வேருக்கும் இடையே கட்டளைகளைக் கொண்டுபோகும் முறை) வழியாக. விண்டோஸில் காலங்காலமாக இருக்கும் மிடி ஏற்பாட்டில் ஒரு மிடி வாயை ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேர்தான் பிடிக்க முடியும் என்பது வழக்கம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் முதலில் பிடித்துக்கொண்டால் எடிட்டர் வெளியே நிற்கும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் மிடி செட்டிங்கில் பெடலை அணைத்துவிட்டு எடிட்டரைத் திறங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எடிட்டரின் பதிப்பு பழசாக இருக்கலாம். ஃபர்ம்வேரோடு சேர்த்து எடிட்டரையும் புதுப்பிக்க வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பட்டியலைப் பாருங்கள். அங்கே பெயரே இல்லை என்றால் கேபிள், வாய், மின்சாரம் இவற்றில் ஒன்று. அங்கே இருந்து 'ஆடியோ மிடி செட்அப்'பில் இல்லை என்றால் டிரைவர் அல்லது பெடலின் மோட். ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்கில், வென்ச்சுரா முதல், புதிதாக ஒன்றைச் செருகினால் அனுமதி கேட்கும். அவசரத்தில் மறுத்திருந்தால் கழற்றி மறுபடி செருகி அனுமதி கொடுங்கள்.

லேப்டாப்போடு இணைத்ததும் புதிதாக 'ஹம்' கேட்டால் ஃபர்ம்வேரைத் திட்ட வேண்டாம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் அது பெரும்பாலும் எர்த் லூப், அதாவது லேப்டாப்பும் ஆம்ப்பும் இரண்டு வழியில் எர்த்தோடு சேர்வதால் வரும் இரைச்சல். அதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆம்ப்பின் உடலில் கரண்ட் கசிந்தால் அது கிதாரின் கம்பி வழியாக உங்கள் கைக்குத்தான் வரும்.

பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பலாமா என்றால், சில கம்பெனிகள் விடும், சில விடாது. விட்டாலும் புது ஃபர்ம்வேரில் சேவ் செய்த பேட்ச் பழையதில் திறக்காமல் போகலாம். அதனால் அப்டேட்டுக்கு முன் எடிட்டரில் முழு பேக்கப் எடுத்து, ஃபைல் பெயரிலேயே ஃபர்ம்வேர் எண்ணையும் தேதியையும் போட்டு வையுங்கள். சிஸ்டம் செட்டிங் பக்கங்களைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பல பேக்கப்புகளில் அது சேராது. அல்சூரில் ஞாயிறு காலை ஆராதனைக்கோ ஆடி மாதக் கோயில் கச்சேரிக்கோ வாசிப்பவர் சனி இரவில் அப்டேட் பட்டனைத் தொடாமல் இருப்பது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், ஒரு பிரிண்டர் கேபிள்கூடக் கிடைக்காது.