தோட்டத்து மயானங்களில் கல்லறை உரிமையைப் பதிவு செய்வதும் பழைய கல்லறைகளைப் பராமரிப்பதும்

இலங்கையின் மலையகத்தில் ஒரு கல்லறையைக் கட்டவோ, பழையதைத் திருத்தவோ, அதே இடத்தில் குடும்பத்தில் இன்னொருவரை அடக்கம் செய்யவோ விரும்புகிறவர், அந்த மயானம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு சிறு நகரத்தைச் சுற்றிலும் பிரதேச சபையின் பொது மயானம், தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம், பள்ளிவாசலின் மையவாடி, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் தோட்டத்து மயானம் என்று பல இருக்கலாம். ஒவ்வொன்றிலும் அனுமதி கொடுப்பவர் வேறு, இருக்கக்கூடிய ஆவணமும் வேறு.

தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் பங்கின் அடக்கப் பதிவேட்டையும், முஸ்லிம்கள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் பதிவுகளையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். உள்ளூராட்சி மன்றங்களின் மயானங்களுக்கு 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மயானங்கள், இடுகாடுகள் பற்றிய கட்டளைச் சட்டமே அடிப்படை. அங்கே பணம் கட்டுகிறவருக்கு நிலம் சொந்தமாவதில்லை என்பதையும், குறிப்பிட்ட ஓரிடத்தில் அடக்கம் செய்யவும் அடையாளம் வைக்கவும் உரிய உரிமையே கிடைக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஆகவே பற்றுச்சீட்டையும் கல்லறை இலக்கத்தையும் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள். உரிமை பெற்றவர் காலமானதும், பிள்ளைகள் கூடி யார் பெயருக்கு மாற்றுவது என்று முடிவு செய்து, எல்லோரும் கையொப்பமிட்ட கடிதத்தைச் சமாதான நீதவான் ஒருவரைக் கொண்டு அத்தாட்சிப்படுத்திச் சபையில் கொடுத்துவிடுவது நல்லது. இன்னொரு சாவு விழுந்த வீட்டில், பெட்டி காத்திருக்கும்போது அண்ணன் தம்பி நியாயம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

தோட்டத்து மயானத்தின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. பின்னர் 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, நிலம் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. குத்தகைக்காரர் தம்மிடம் இல்லாத உரித்தைப் பிறருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்பதால், துரை, அதாவது தோட்ட முகாமையாளர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மயானத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதித் தர இயலாது. நான்கு தலைமுறையாகப் புதைத்து வருகிறோம், ஆகவே அது எங்களுடையது என்ற வாதமும் நீதிமன்றத்தில் நிற்காது. பத்தாண்டு ஆட்சியால் உரித்துக் கிடைக்கும் என்று சொல்லும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அரச காணிக்கு எதிராகச் செல்லாது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. உறுதி கிடைக்காவிட்டாலும், இன்ன எல்லைக்குள் இருப்பது மயானம் என்பதையும், அதில் இன்னார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதையும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளச் செய்ய முடியும். தேயிலை மீள்நடுகைக்கோ பாதை வெட்டவோ புதிய வீட்டுத் திட்டத்துக்கோ நிலம் அளக்க வருகிறவர்களிடம் காட்ட அந்த எழுத்து வேண்டும்.

எழுத்தைப் பெறுவது எப்படி

முதலில் மயானத்தின் எல்லையைத் தோட்டத்தின் வரைபடத்தில் தேடுங்கள். தோட்ட அலுவலகத்தில் உள்ள பழைய படங்களில் மயானம் குறிக்கப்பட்டிருந்தால் அதன் பிரதியைக் கேட்டுப் பெறலாம். இல்லாவிட்டால், கிராம உத்தியோகத்தரையும் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரையும் வைத்துக்கொண்டு நான்கு மூலைகளிலும் கல் நட்டு, கைப்படம் ஒன்று வரைந்து, வந்திருந்தவர்களின் கையொப்பத்தை அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை இணைத்து, மரண உதவிச் சங்கத்தின் அல்லது கோயில் நிர்வாக சபையின் பெயரில் தோட்ட முகாமையாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம், பிரதேச செயலாளர், பிரதேச சபை ஆகியவற்றுக்குப் பிரதிகள் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிய சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கடிதத்தில் 'உரிமை கோருகிறோம்' என்று தொடங்குவதைவிட, 'மயானமாகத் தொடர்ந்து பயன்படுத்தவும் பராமரிக்கவும் ஆட்சேபனை இல்லை என்பதை எழுத்தில் அறியத் தரவும்' என்று கேட்பதே பயனுள்ளது. முதலாவதற்குச் சட்டத்தரணியின் பதில் வரும். இரண்டாவதற்கு முகாமையாளரே கையொப்பமிடக்கூடும்.

தோட்டம் தனியார் இடம், நாங்கள் அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று பிரதேச சபைகள் சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபையின் சேவைகளைக் கொண்டுசெல்ல வழி பிறந்திருக்கிறது. அந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, மயானத்துக்கான பாதை, வேலி, தண்ணீர் ஆகியவற்றைக் கேளுங்கள். பழைய பதிவுகளைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் 2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் உருவாயின. ஆகவே இன்றைய சபையில் இல்லாத கோப்பு முன்னைய சபையில் இருக்கலாம். வாய்மொழியாகக் கேட்டு அலைவதைவிட, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டிய கடமை அலுவலகத்துக்கு உண்டு.

தனிப்பட்ட ஒரு கல்லறைக்குச் சான்று தேடுகிறவர்களுக்கு மிகவும் உதவுவது மரணச் சான்றிதழ்தான். அதில் மரணத்துக்கான காரணத்தோடு, அடக்கம் அல்லது தகனம் செய்த இடமும் குறிக்கப்பட்டிருக்கும். பெயர் எழுத்துப் பிழையோடு பதிவாகியிருப்பது தோட்டங்களில் சாதாரணம் என்பதால், தகப்பன் பெயர், தோட்டப் பிரிவு, இறந்த ஆண்டு ஆகியவற்றையும் கொண்டு தேடும்படி பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள்.

கல்லறைப் பேரேடு

ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் கல்லறைகளுக்கு ஒரு பேரேடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்டி மகியாவை மயானத்தில், இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடியான, 1892இல் இறந்த ஜேம்ஸ் டெய்லரின் கல்லில், லூல்கந்துரைத் தோட்டத்தில் அவர் செய்த வேலை வரைக்கும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே மலைகளில் காடு வெட்டி, கான் (வடிகால்) தோண்டி, நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவர்களுக்குத் தலைமாட்டில் ஒரு கருங்கல் நட்டதே பெரும்பாலும் அடையாளம். பிற்காலத்துக் கல்லறைகளில், ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய பெயரும் தேதியும் இருக்கும். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும். அவற்றைத் திருத்தமாகப் படித்து, கீறியிருக்கிற பிழையோடு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மயானத்தின் மேல்மூலையிலிருந்து தொடங்கி, நிரை நிரையாக இலக்கமிட்டு, ஒவ்வொரு குழிக்கும் பெயர், தேதி, கல்லின் வகை, உறவினர் யார், சொன்னவர் யார் என்பவற்றைப் பதியுங்கள். படம் எடுக்கக் காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை வெயில் சாயும்போதும் உகந்த நேரம். பக்கவாட்டு வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தும் நிழல் விட்டுத் தெரியும். எழுத்து விளங்கவில்லையென்று மஞ்சளோ சுண்ணாம்போ பூசாதீர்கள். குழி வெட்டுகிறவரையும் தப்படிக்கும் முதியவரையும் அழைத்துச் செல்வது அவசியம். எந்தக் குழி எந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பத்தினுடையது என்பதை அவர்களைவிட நன்றாக எவரும் அறியார்.

உரிமை கோர ஆளில்லாத கல்லறைகளை 'வெற்றிடம்' என்று பதிவது பெரிய அநியாயமாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் தாயும் தகப்பனும் இங்கேயே கிடக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ ஒரு நாள் தேடி வந்தால், காட்டுவதற்கு அந்த மேடு இருக்க வேண்டும். 'உறவினர் இந்தியாவில்' என்று எழுதி, புதிய குழிகளை அதற்கு அப்பால் வெட்டச் சொல்லுங்கள்.

துப்புரவும் திருத்தமும்

மேற்குச் சரிவிலுள்ள ஹற்றன், தலவாக்கலைப் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வேலைக்கு ஏற்ற காலம். பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை ஓயும்வரை பொறுத்திருக்க வேண்டும். மானாப்புல்லைக் கத்தியால் அடியோடு அரிந்துவிடலாம், ஆனால் வேரோடு பிடுங்கவோ களைநாசினி அடிக்கவோ கூடாது. செங்குத்தான நிலத்தில் அந்த வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. மண் வெறுமையானால் அடுத்த பெருமழையில் மேடுகள் கரைந்து கீழ்நிரையின் மேல் விழும். மேல் எல்லையில் ஒரு குறுக்குக் கான் வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடுவது, கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்பதைவிட ஆயிரம் மடங்கு பயன் தரும். கல்லறைக்குள் வேர் விட்ட மரத்தைப் பிடுங்காமல், அடியில் அறுத்து வேரைத் தானாக உக்க விடுங்கள். பலா மரத்தை வெட்டுவதானால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

பாசி படிந்த கல்லைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, மென்மையான தும்புத் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். கம்பித் தூரிகை, அமிலம், வெளுக்கும் தூள் ஆகியவை சலவைக்கல்லின் எழுத்தை ஒரே நாளில் தின்றுவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் கல்லறைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்த வேண்டும். சீமெந்து பூசினால் உள்ளே ஈரம் தங்கிச் செங்கல் உதிரும். சாய்ந்த கல்லை நிமிர்த்த ஆளும் கருவியும் இல்லையென்றால், எழுத்து மேலே தெரியும்படி சரளைக்கல் பரப்பிய இடத்தில் கிடத்திவிடலாம். பழைய ஐரோப்பியக் கல்லறைகள் இருக்கும் இடங்களில், அவை பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா என்று தொல்பொருள் திணைக்களத்திடம் விசாரிக்காமல் கை வைக்காதீர்கள்.

குழி வெட்டும்போது பழைய எலும்பு தென்பட்டால், வேலையை நிறுத்தி, எடுத்த இடத்திலேயே மூடிவிட்டு, இடத்தை மாற்றிக்கொள்வதே வழக்கமும் முறையும். ஒரு சடலத்தைத் தோண்டி வேறிடத்துக்குக் கொண்டுபோவது முற்றிலும் வேறு விடயம்; உரிய அனுமதியின்றி அதைச் செய்யக்கூடாது. பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கோடு இடுகாட்டுக்குள் அத்துமீறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவின்படி குற்றமாகும் என்பதை, கல்லறைக் கல்லைப் பெயர்த்து வீட்டுப் படிக்கட்டுக்குக் கொண்டுபோகிறவர்களிடம் ஒருமுறை சொல்லிவைக்கலாம்.

பேரேட்டின் ஒரு பிரதி மரண உதவிச் சங்கத்திடமும், ஒன்று கோயிலிலும், ஒன்று பிரதேச சபையிலும் இருக்கட்டும். ஒவ்வொரு அடக்கத்துக்கும் பிறகு, கருமாதிக்குள் மூன்றிலும் புதிய பெயரை எழுதிவிட வேண்டும்.