கிரிப்டோ அனுப்பும்போது ஹிஸ்டரில இருந்து அட்ரஸ் காப்பி பண்றீங்களா? ஒரு நிமிஷம்

கிரிப்டோக்கு புதுசா வந்தவங்க திருட்டுன்னாலே சீட் ஃப்ரேஸ் (வாலட்ட திறக்கிற ரகசிய வார்த்தைகள்) போறது, பாஸ்வேர்ட் போறதுன்னுதான் நெனைக்கிறாங்க. இதுல அது எதுவுமே போகாது, காச நீங்களே உங்க கையால திருடனுக்கு அனுப்பி வெச்சிருவீங்க. பேரு அட்ரஸ் பாய்சனிங்.

எப்படி நடக்குதுன்னா, நீங்க ஒரு அட்ரஸுக்கு யுஎஸ்டிடி (டாலர் மதிப்புக்கு ஈடான கிரிப்டோ காயின்) அனுப்புறது பிளாக்செயின்ல, அதாவது கிரிப்டோவோட பொதுக் கணக்குப் புத்தகத்துல, எல்லாருக்கும் தெரியும். அத ஒரு பாட் (தானா ஓடுற புரோகிராம்) பாத்துட்டு, அதே மாதிரி ஆரம்பிச்சு அதே மாதிரி முடியுற இன்னொரு அட்ரஸ உருவாக்கும். முன்னாடி நாலு, பின்னாடி நாலு எழுத்து பொருந்தணும்னா சராசரியா 429 கோடி தடவ முயற்சி பண்ணணும், கேக்க பெருசா இருக்கு, ஆனா கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது கொஞ்ச நேர வேலை. அப்புறம் அந்த டூப்ளிகேட் அட்ரஸ்ல இருந்து தம்மாத்துண்டு காசு உங்களுக்கு வரும். இல்லன்னா இன்னும் மோசம், நீங்களே அந்த அட்ரஸுக்கு 0 யுஎஸ்டிடி அனுப்பின மாதிரி ஹிஸ்டரில விழும், தொகை சைபர்னா பல டோக்கன்ல உங்க அனுமதியே தேவைப்படாது.

என் வாலட்லயும் இப்படி ஒண்ணு கெடந்துச்சு. டீ குடிச்சுக்கிட்டே காப்பி பண்ணி ஒட்டிட்டேன், அனுப்புற பட்டன் மேல விரல் இருக்கு, தேதிய பாத்தா நேத்து போட்டிருக்கு, நான் நேத்து யாருக்கும் அனுப்பவே இல்லையே! டீ ஆறிப்போச்சு.

ஸ்டெப் 1: ஹிஸ்டரிய தொறந்து, உங்களுக்கு ஞாபகமே இல்லாத சைபர் தொகை, சில்லறை தொகை எல்லாம் பாருங்க. அழிக்க முடியாது, தொடாம விட்டுருங்க.

ஸ்டெப் 2: அடிக்கடி அனுப்புற அட்ரஸ வாங்குறவங்க கிட்ட நேரா கேட்டு வாங்கி, வாலட்டோட கான்டாக்ட்ஸ்ல பேர் போட்டு சேவ் பண்ணுங்க. இனிமே அங்க இருந்து மட்டும்தான் எடுக்கணும். இத ஒண்ண செஞ்சாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 3: டெஸ்ட்டுக்கு கொஞ்சமா அனுப்பி பாக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்றேன், ஆனா அது மட்டும் பத்தாது. 2024 மே மாசம் ஒருத்தர் அப்படித்தான் 0.05 ஈதர் சரியான அட்ரஸுக்கு அனுப்பி பாத்தாரு. அதுக்கப்புறம் டூப்ளிகேட் அட்ரஸ் அவர் ஹிஸ்டரில வந்து உக்காந்துச்சு, ரெண்டுமே ஆரம்பம் டி9ஏ1, கடைசி 53ஏ91. அடுத்து அவர் அனுப்பின 1,155 ராப்டு பிட்காயின் (எத்தீரியம்ல ஓடுற பிட்காயின் வடிவம்), கிட்டத்தட்ட 6.8 கோடி டாலர், திருடன்கிட்ட போயிருச்சு. பேச்சுவார்த்தைக்கு அப்புறம் பெரும்பகுதி திரும்பி வந்துச்சு, அது அவர் அதிர்ஷ்டம், நமக்கு யாரு பேச்சுவார்த்தை நடத்துவா. அதனால டெஸ்ட் போய் சேந்ததும் மறுபடி ஹிஸ்டரிக்கு போகாதீங்க, அதே கான்டாக்ட்ல இருந்தே மிச்சத்தையும் அனுப்புங்க.

ஸ்டெப் 4: அட்ரஸோட நடுப்பகுதிய பாருங்க. எத்தீரியம் அட்ரஸோட 42 எழுத்துல வாலட் நடுவுல புள்ளி வெச்சு மறைக்குது பாருங்க, திருடன் நம்பி இருக்கிறதே அந்த புள்ளியத்தான்.

ஸ்டெப் 5: தொகை பெருசுன்னா ஹார்டுவேர் வாலட் (சாவிய தனியா வெச்சிருக்கிற குட்டி கருவி) வாங்குங்க, அதோட குட்டி ஸ்கிரீன்ல வர்ற அட்ரஸ முழுசா படிச்சிட்டு அழுத்துங்க. சலிப்பாதான் இருக்கும். 2025 பிப்ரவரில பைபிட் எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 150 கோடி டாலர் போனதும் இதே ரகம்தான், கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல காட்டுனது ஒண்ணு, சைன் பண்ணது, அதாவது ஒப்புதல் குடுத்தது, வேற ஒண்ணு. வட கொரியா ஹேக்கர்கள்னு எஃப்பிஐ சொல்லுச்சு.

தப்பா அனுப்பிட்டீங்கன்னா கேன்சல் பட்டன் எல்லாம் கெடையாது. டிரான்சாக்ஷன் ஹாஷ (அந்த பரிமாற்றத்தோட அடையாள எண்) காப்பி பண்ணி வெச்சுக்கிட்டு, இந்தியால இருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போடுங்க. போனது யுஎஸ்டிடின்னா அத வெளியிடுற டெட்டர் கம்பெனியால அத ஃப்ரீஸ் பண்ண முடியும், ஆனா திருடன் வேற காயினா மாத்துறதுக்குள்ள நடக்கணும். அப்புறம் டெலிகிராம்ல ஒருத்தன் வந்து மீட்டு தரேன், முன்பணம் மட்டும் குடுங்கன்னு கேப்பான் பாருங்க, அவன பிளாக் பண்ணிருங்க.