கால்பந்து அணிக்கு ஜிபிஎஸ் உள்சட்டை: பயன்படுத்தும் முறை

கால்பந்து வீரர்கள் ஜெர்சியைக் கழற்றும்போது தென்படும் குட்டையான கறுப்பு உள்சட்டையின் முதுகுப் பையில், இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று இருக்கும். பெரும்பாலான கருவிகள் வீரர் நிற்கும் இடத்தை நொடிக்கு 10 முறையும், உடலின் அசைவை 100 முறையும் பதிவு செய்கின்றன. இவற்றைப் போட்டியிலும் அணிய 2015இல் விதி இடங்கொடுத்தது.

பயிற்சி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே கருவிகளைத் திறந்த வெளியில் வைத்து இயக்குங்கள்; உடைமாற்றும் அறையிலேயே இயக்கினால் செயற்கைக்கோள் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் முதல் சில நிமிடங்களின் பதிவு பிசகிவிடும். ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள்ளும் சிறு வேறுபாடு உண்டு என்பதால், கருவிக்கு எண்ணிட்டு, ஒவ்வொரு வீரருக்கும் எப்போதும் அவருடைய கருவியையே கொடுங்கள். உள்சட்டை தளர்வாக இருந்தால் கருவியின் குலுக்கலும் ஓட்டத்தின் அதிர்வாகக் கணக்கில் ஏறிவிடும். பயிற்சி முடிந்ததும் கருவியைத் திரும்ப வாங்க மறந்தால், வீரர் பைக்கில் வீடு திரும்பிய வேகமும் பதிவாகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தடுப்பாட்டக்காரர் எந்த அணியிலும் இல்லை.

மொத்தத் தூரத்தைவிட வேக ஓட்டத்தின் தூரமே கவனத்துக்குரியது. மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேற்பட்டதை அதிவேக ஓட்டமாகவும், 25.2க்கு மேற்பட்டதை ஸ்பிரின்ட்டாகவும் கொள்வது பரவலான வழக்கம். எந்த எல்லையைக் கொண்டாலும் பருவத்தின் நடுவே அதை மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய பதிவுகளோடு ஒப்பிட முடியாமல் போகும்.

கடைசி 7 நாள் சுமையை (பயிற்சியும் போட்டியும் உடலுக்குத் தந்த மொத்த உழைப்பை) கடைசி 28 நாள்களின் வாரச் சராசரியால் வகுத்து, விடை 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் காயமடையும் ஆபத்து குறைவு என்று சொல்லும் முறையும் புழக்கத்தில் உண்டு. ஆய்வாளர்கள் பலர் அதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை உட்காரவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரிடம் கேட்டு, 0 முதல் 10க்குள் ஓர் எண்ணைப் பெற்று, பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள்: 80 நிமிடப் பயிற்சிக்கு 5 என்றால் சுமை 400. அடுத்த வாரம் அதே தூரத்தையும் அதே வேகத்தையும் கருவி காட்ட, வீரரோ 8 என்றால், தூக்கக் குறைவா, காய்ச்சலா, பழைய வலியா என்று அன்றே விசாரியுங்கள். தனியாக அழைத்துக் கேளுங்கள். சக வீரர்கள் நடுவே கேட்டால் எல்லாரும் 5 என்றுதான் சொல்வார்கள்.