குற்றாலச் சீசனில் தலையில் கட்டப்பட்ட உறுப்பினர் திட்டம்

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த எங்களை இலவச விருந்து என்று அழைத்து, விடுதி அரங்கில் மணிக்கணக்கில் உட்காரவைத்தார்கள். "இந்த விலை இன்று மட்டும்தான்" என்று விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டத்தைப் பற்றி ஆள் மாற்றி ஆள் பேசியதில், என் கடன் அட்டையிலிருந்து முன்பணம் போய்விட்டது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்ற சங்கதியே ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில்தான் இருந்தது.

பாளையங்கோட்டை திரும்பியதும் தொலைபேசியில் மன்றாடவில்லை. ரத்து செய்யக் கோரி மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்பினேன். வங்கியிடமும் ஆட்சேபம் தெரிவித்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார். நிறுவனம் வெளியூர் என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்கான கட்டணமும் இல்லை. கடிதத்தில் இதை எழுதிய பிறகுதான் அவர்கள் குரல் இறங்கியது. 'நிர்வாகச் செலவு' என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு (என்ன நிர்வாகமோ!) மீதியைத் திருப்பினார்கள்.