கல்யாண வீடியோ: 4கே மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

போன தை மாதம் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாணம். என்னோடு வேலைக்கு வந்த இரண்டு தம்பிகளும் தொழிலுக்குப் புதுசு. விடியற்காலை முகூர்த்தத்துக்கு அவர்கள் கேமராவை செட் செய்ததைப் பார்த்ததும் திக்கென்றது. சில வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு. பேட்டரி, லென்ஸ் துடைப்பு பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் இரண்டு முகூர்த்தம் பார்த்தால் தானாக வந்துவிடும்.

8 பிட்டில் லாக் எடுப்பது

என் முதல் 4கே கேமரா 8 பிட். லாக் (பிறகு எடிட்டிங்கில் நிறம் ஏற்றிக்கொள்ள, படத்தை வெளிறிய நிறத்தில் பதியும் முறை) வைத்து எடுத்தால் சினிமா போல வரும் என்று கேள்விப்பட்டு, ஒரு கல்யாணம் முழுக்க லாக்கிலேயே எடுத்தேன். இணைச்சீர் சடங்கு முடிந்து, கல்யாணச் சீர்களை நடத்தும் பெரியவரான அருமைக்காரர் பந்தலுக்கு வரும்போது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. எடுக்கும்போது அருமையாகத்தான் இருந்தது. எடிட்டிங்கில் கலர் ஏற்றியதும் அந்த வானம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாக உடைந்தது. லேப்டாப்பில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெண் வீட்டில் புதிதாக வாங்கிய 65 அங்குல டிவியில் போட்டதும் பெண்ணின் அப்பா கேட்டார்: "ஏனுங் தம்பி, வானத்துல என்னங்க கோடு கோடா உழுவுது?"

4கே என்பது பிக்சல் கணக்கு மட்டும்: 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை நிறப்படிகள் என்பது தனிக்கணக்கு. 8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 10 பிட் என்றால் 1024. பந்தல் நிழல் முதல் பளிச்சென்ற வானம் வரை அத்தனையையும் லாக் அந்தப் படிகளுக்குள் நெருக்கி அடைக்கிறது. எடிட்டிங்கில் அதைத் திரும்ப விரிக்கிறோம். ஒரு கரண்டி மாவைப் பெரிய கல் முழுக்க இழுத்தால் தோசையில் ஓட்டை விழுமே, அதே கதைதான். வானம், வெள்ளைச் சுவர், முகத்தில் விழும் மெல்லிய நிழல், இங்கெல்லாம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் 10 பிட்டில் ரெண்டர் செய்தாலும் போன படிகள் திரும்பி வராது. கிரெயின் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் கோடு கொஞ்சம் மறையும், அவ்வளவுதான். பேசிய தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த விடியலை யாரால் திருப்பித் தர முடியும்?

இன்றும் எரிச்சலாக இருப்பது, பெட்டியில் 4கே என்ற எழுத்தை மட்டும் பார்த்துக் கேமரா வாங்குவது. 4கே, அதைப் போல நான்கு மடங்கு பிக்சல் உள்ள 8கே, இரண்டுக்கும் சேர்த்து 2012இல் வந்த பிடி.2020 என்ற சர்வதேச டிவி தரத்தில் 8 பிட்டுக்கு இடமே இல்லை. 10 அல்லது 12 பிட்தான். வரப்போகும் டிவிகள் இன்னும் பெரிதாக, இன்னும் பிரகாசமாக இருக்கும். இன்று ஒளிந்திருக்கும் கோடு அன்று அவற்றில் தெரியும்.

கையில் 8 பிட் கேமராதான் இருக்கிறதா? சரி, லாக்கை விட்டுவிட்டு சாதாரண புரொஃபைலில் (கேமராவின் வழக்கமான நிற அமைப்பில்) எடுங்கள். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் அந்த இடத்திலேயே சரியாக வையுங்கள். எடிட்டிங்கில் நிறத்தை அதிகம் இழுக்காதீர்கள். கூறைச்சேலையின் நிறம் அப்படியே நிற்கும்.

8கே கேமராவுக்குக் கடன் வாங்குவது

இப்போதைக்கு வேண்டாம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2018 டிசம்பர் 1 அன்றே 8கே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது உண்மைதான். ஆனால் 55 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் 4கேவுக்கும் 8கேவுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஷாட்டிலிருந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாக வெட்டி எடுக்க வேண்டுமானால் 8கே உதவும். அந்தத் தேவை இருந்தால் வாடகைக்கு எடுங்கள்.

கார்டின் வேகம்

வினாடிக்கு 400 மெகாபிட் பதிவு என்றால், மெமரி கார்டு வினாடிக்கு 50 மெகாபைட் எழுத வேண்டும். வி30 என்று போட்ட கார்டு 30 மெகாபைட்டுக்குத்தான் உத்தரவாதம். வி60 வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு

100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 400 என்றால் 180 ஜிபி. ரேட் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பென்டிரைவ்

எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. கொடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டு டிவியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.